மங்கலாக வந்த ஆசீர்வாதம்

போன வருஷம் ஆவணி மாதம். முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தமாக வந்து எங்களைப் பிழிந்து எடுத்துக்கொண்டிருந்த நேரம். சேலையூரில், கேம்ப் ரோடிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் எங்கள் ஸ்டூடியோ இருக்கிறது. ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டு முன்னறைதான். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், மூலையில் லைட் ஸ்டாண்டுகள், அவ்வளவுதான். என் கணவர் போட்டோ எடுப்பார், நான் வீடியோ எடுப்பேன். இத்தனை வருஷமாகியும் மண்டபத்தில் யாராவது ஒருவர் என்னைப் பார்த்து, "கொஞ்சம் ஒதுங்கிக்கோம்மா, வீடியோக்காரர் வருவாரு" என்று சொல்லாமல் இருப்பதில்லை. நானும் ஒதுங்கி நின்று, அவர் போனதும் எடுத்துக்கொள்வேன். வாதாடுவதற்குத் தெம்பு வேண்டுமே.

அன்றைக்கு விடிவதற்கு முன்பே தாம்பரத்தில் ஒரு முகூர்த்தம். சாயங்காலம் செம்பாக்கத்தில் வேறொரு கல்யாணத்தின் ரிசப்ஷன். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன வேலை இருந்தது. செம்பாக்கம் கல்யாணத்துப் பெண்ணின் அப்பா குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார். கல்யாணத் தேதியெல்லாம் குறித்த பிறகு திடீரென்று நெஞ்சுவலி வந்து, இதயத்தில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மண்டபத்துக்கு வர டாக்டர் விடவில்லை. அதனால் அவர் மகளையும் மாப்பிள்ளையையும் வாழ்த்துவதை நான் போய் வீடியோ எடுத்து வர வேண்டும். ரிசப்ஷனில் பெரிய திரையில் அதைப் போடுவார்கள்.

அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்குக் காது கேட்காது. அவள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கேட்காது. மாப்பிள்ளைக்கும் கேட்காது. எல்லோருக்கும் சைகை மொழியில்தான் பேச்சு. பெண்ணின் தங்கைக்கு மட்டும் கேட்கும். கல்லூரியில் படிக்கிற பெண். எங்களிடம் ஆர்டர் கொடுத்தது, பேசியது, முடித்தது எல்லாம் அவள்தான்.

காலை முகூர்த்தத்தில் இலை போடும்போது, ஆஸ்பத்திரிக்கு நேரமாகிறது என்று சாப்பிடாமலே கிளம்பினேன். அங்கே போனால் அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடித்திருந்தார். இருமல் வந்தால் தையல் விரிந்துவிடாமல் இருக்க அப்படி அணைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்களாம். துணைக்கு இருந்த உறவினர் என்னைப் பார்த்ததும், "நல்லதாப் போச்சும்மா" என்று டீ குடிக்கக் கீழே இறங்கிவிட்டார். நான் கேமராவைக் காட்டினேன், கட்டை விரலைத் தூக்கினேன். அவர் புரிந்துகொண்டு தலையாட்டினார். தலையணையை ஓரமாக வைத்தார், கைகளைத் தூக்கினார், பேச ஆரம்பித்தார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நடுவில் அவருக்குக் கண் கலங்கியது. என் பழக்கத்தில் சட்டென்று முகத்துக்கு ஜூம் செய்தேன். நன்றாக வந்துவிட்டது என்று திருப்தியாக ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

இந்த இடத்தில் தொழில் சமாசாரம் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வீடியோ என்பது வேகமாக ஓடுகிற போட்டோக்கள்தான். அந்த ஒவ்வொரு போட்டோவுக்கும் கேமரா எவ்வளவு நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது என்பதுதான் ஷட்டர் ஸ்பீடு. எங்களைப் போன்ற கல்யாண வீடியோக்காரர்கள் அதை ஐம்பதில் ஒரு பங்கு நொடி என்று வைத்துவிட்டு, பிறகு அந்தப் பக்கமே போக மாட்டோம். நம் ஊர் கரண்ட்டுக்கும் மண்டபத்து விளக்குக்கும் அது ஒத்துப்போகும். கண்ட எண்ணை வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஓடும். அதோடு, அந்த வேகத்தில் எடுத்தால் அசைவெல்லாம் லேசாகக் கரைந்து மிருதுவாகத் தெரியும். பெண் திரும்பும்போது முந்தானை ஒரு இழுப்பு இழுக்கும், அட்சதை கோடாக விழும். "சினிமா மாதிரி இருக்கு" என்று வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். அந்த ஒரு பாராட்டுக்காகவே நான் அந்த எண்ணை மாற்றியதில்லை.

வீட்டில் வந்து உட்கார்ந்ததும் அந்த வீடியோவுக்குப் பின்னால் ஒரு வீணை இசையைச் சேர்த்தேன். ஆமாம், காது கேட்காத ஒருவர் காது கேட்காத மகளுக்குச் சொல்லும் வாழ்த்துக்கு வீணை. அப்போது எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. எந்த வீடியோவானாலும் பாட்டுப் போடுவது கை தானாகச் செய்கிற வேலை. பிறகு, கேட்கிற விருந்தாளிகளுக்காகக் கீழே தமிழில் எழுத்துப் போடலாம் என்று தோன்றி, என்ன பேசினார் என்று சொல்ல அந்தத் தங்கையை வரச் சொன்னேன். மண்டபத்தில் அவளுக்கு ஆயிரம் வேலை. இருந்தாலும் ஸ்கூட்டியில் வந்தாள்.

திரையைப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "மறுபடி போடுங்க மேடம்" என்றாள். போட்டேன். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "இது படிக்க முடியல மேடம். அப்பா முணுமுணுக்கிற மாதிரி இருக்கு. வாயில எதையோ போட்டுக்கிட்டுப் பேசினா எப்படி இருக்கும், அந்த மாதிரி. முக்கியமான இடத்துல கையே காணோம். மூஞ்சி மட்டும்தான் இருக்கு."

நானும் பார்த்தேன். அவள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. விரல்கள் வேகமாக அசைகிற இடங்களிலெல்லாம் விரலே இல்லை. ஒரு புகை மட்டும் இருந்தது. ஜூம் செய்த இடத்தில் கை படத்துக்கு வெளியே போயிருந்தது. எந்த இடத்தை அழகு என்று நினைத்து எடுத்தேனோ அங்கேதான் அந்த மனிதர் வாயடைத்து நின்றார்.

என் கணவர் பக்கத்தில் காலையில் எடுத்த போட்டோக்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். "ஸ்லோ மோஷன்ல போட்டா தெரியுமே" என்றார். தெரியாது. ஒவ்வொரு படமும் தனித்தனியாகவே கரைந்திருக்கிறது. மெதுவாக ஓடவிட்டால் புகையும் மெதுவாக ஓடும். "அப்போ அவரை எழுதிக் கொடுக்கச் சொல்லு. எழுத்தைப் போட்டுடலாம்" என்றார். என் கணவரும் பாவம், விடியற்காலையிலிருந்து நின்றவர்.

தங்கை அவரைப் பார்த்தாள். "அப்பாவுக்கு எழுத்து அவ்வளவா வராது சார். அதுவும் இல்லாம, இன்னைக்கு வர்றதுல பாதிப் பேர் எங்க அப்பா அம்மாவோட ஃபிரெண்ட்ஸ். அவங்க முன்னாடி அக்கா கல்யாணத்துல எங்க அப்பா பேசணும். வேற யாரோ அவருக்காக எழுதின மாதிரி ஆயிடக் கூடாது." அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "வீடியோ கால்ல போட்டுடலாம்னு பார்த்தேன், அந்த வார்டுல சிக்னலே இல்ல" என்று மட்டும் சேர்த்துச் சொன்னாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு எழுந்திருக்கவே மனமில்லை. கால் வீங்கியிருந்தது. தோளில் கேமரா பட்டை அழுத்திய இடம் எரிந்தது. ரிசப்ஷனுக்குப் போய் லைட் எல்லாம் மாட்ட வேண்டும். மறுநாள் விடியற்காலை அதே மண்டபத்தில் முகூர்த்தம். "புரிகிற வரைக்கும் போதும், மீதியை நீ மைக்கில் சொல்லிவிடேன்" என்று அவளிடம் கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. இன்னொன்றும் நினைத்தேன். அந்த மனிதரின் நெஞ்சைப் பிளந்து தைத்திருக்கிறார்கள். ஒரு தடவை கையைத் தூக்கிப் பேசியதே பெரிது. மறுபடி தூக்குங்கள் என்று எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ போயிட்டு வா, மண்டபத்தை நான் பார்த்துக்கிறேன்" என்றார். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் போயிருப்பேனா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

தங்கையின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, அஸ்தினாபுரம் வழியாகப் போனோம். வழியெல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்கள். வானம் வேறு மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஆவணி மாதத்தில் சாயங்காலம் மழை வருவது புதிதில்லை. ஆனால் எனக்கு அன்று வெளிச்சம் வேண்டும். ஷட்டரை வேகமாக வைத்தால் கேமரா கண்ணைத் திறக்கிற நேரம் குறையும், படம் இருட்டிவிடும். ஆஸ்பத்திரி டியூப்லைட்டை நம்பினால் கோடு ஓடும். ஜன்னல் வெளிச்சம் ஒன்றுதான் வழி. அந்த மேகம் வருவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று மனதுக்குள் விநாயகரைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். தங்கை தோளைத் தொட்டு எழுப்பி, கைகளால் விளக்கினாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கைகூப்பினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர் அவளிடம் ஏதோ சொல்ல, அவள் சிரித்துவிட்டாள். "நான் பல் செட்டைக் கழட்டி வெச்சிட்டுப் பேசினேனான்னு கேக்கறாரு மேடம்." அவரும் சிரிக்கப் போய் வலியில் தலையணையை இறுக்கிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நர்ஸ் வந்து, அவரைக் கைத்தாங்கலாக நாற்காலியில் உட்கார வைக்க ஒப்புக்கொண்டார். "சீக்கிரம் முடிங்க, ரொம்ப நேரம் உக்கார வைக்கக் கூடாது" என்றார். ஆனால் ஜன்னலோ அடுத்த நோயாளியின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதைக் கனமான திரைச்சீலையால் இழுத்து மூடியிருந்தார்கள். அந்தக் கட்டிலில் ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி முக்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையைக் கொஞ்சம் திறக்கலாமா என்று கேட்டேன்.

"இன்னாமா இது, இப்பதான் கண்ணு அசந்துகினு கீறாரு. வெளிச்சம் மூஞ்சில அடிச்சா எயிந்துக்குவாரு" என்றார் அந்த அம்மா.

நியாயம்தான். தங்கைதான் சொன்னாள், அக்காவுக்குக் கல்யாணம், அப்பா வர முடியாது, கையால்தான் பேசுவார், இருட்டில் எடுத்தால் பேச்சு விளங்காது என்று. அந்த அம்மா அப்பாவைப் பார்த்தார். அவர் நாற்காலியில் தலையணையைக் கட்டிக்கொண்டு, கூப்பிட்டால் பாடத் தயாராக இருக்கும் பிள்ளை மாதிரி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா எழுந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டு கைகளாலும் விரித்து, தூங்குகிற தன் கணவரின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்.

"நா மறச்சிக்கிறேன், நீ தொறந்து எட்துக்கோ. பொண்ணுக்கு அப்பன் பேசாம எப்டி."

நர்ஸ் திரையை விலக்கினார். வெளிச்சம் அப்பாவின் கைமேல் வந்து விழுந்தது. மேலே இருந்த டியூப்லைட்டை அணைக்கச் சொன்னேன். ஷட்டரை ஐம்பதிலிருந்து தள்ளி இருநூறுக்குக் கொண்டுபோனேன். முகத்துக்கு ஜூம் செய்யாமல், தலையிலிருந்து இடுப்பு வரைக்கும், கை விரிந்தால் வெளியே போகாதபடி இரண்டு பக்கமும் இடம் விட்டு நிறுத்தினேன். பார்ப்பதற்கு அது ஓர் அழகான படமே இல்லை. ஆஸ்பத்திரிச் சுவர், டிரிப் ஏற்றும் கம்பி, நடுவில் முகம் சவரம் செய்யாத ஒரு மனிதர். பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார்.

அவர் தலையணையைத் தங்கையிடம் கொடுத்தார். கைகளைத் தூக்கினார். காலையில் பேசியதைவிடக் குறைவாகத்தான் பேசினார். வலி இருந்திருக்கும், கை நெஞ்சுக்குப் பக்கத்திலேயே அசைந்தது. ஆனால் கேமராவில் ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. புறங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரிகூடத் தெரிந்தது. நடுவில் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. என்ன சொன்னார் என்று கேட்டேன். "ரிசப்ஷன்ல பாருங்க மேடம்" என்றாள்.

முடிந்ததும் கேமராவைத் திருப்பி அவருக்கே போட்டுக் காட்டினேன். என் தொழிலில் எத்தனையோ பேருக்கு அப்படிக் காட்டியிருக்கிறேன். எல்லோரும் தாங்கள் அழகாக இருக்கிறோமா என்றுதான் பார்ப்பார்கள். இவர் தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கையை மட்டும் பார்த்தார், ஒருவர் தன் கடிதத்தைத் திருப்பிப் படிப்பது போல. கடைசியில் என்னைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டினார். அந்த அம்மா அதுவரை துண்டைப் பிடித்தபடிதான் நின்றார். கை வலித்திருக்கும். அந்தப் பெரியவரும் கடைசி வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கேமராவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, தங்கையின் துப்பட்டாவால் மூடி, நனைந்துகொண்டே மண்டபத்துக்கு வந்து சேர்ந்தோம். என் கணவர் எல்லா லைட்டையும் மாட்டி வைத்திருந்தார். புது வீடியோவை வீணை எதுவும் சேர்க்காமல் அப்படியே திரைக்குக் கொடுத்தேன். ஈரப் புடவையோடு நின்று, ரிசப்ஷன் எடுக்க ஷட்டரை நூறில் வைத்துக்கொண்டேன். அதற்கும் மண்டபத்து விளக்கில் கோடு விழாது, கையும் ஐம்பதில் எடுத்ததுபோலக் கரையாது. அன்று வந்தவர்களில் பாதிப் பேர் கையால் பேசுபவர்கள் என்று எனக்கு அப்போதாவது உறைத்ததே.

திரையில் அப்பா வந்தார். சத்தமே இல்லை. பின்வரிசையிலிருந்து, "சவுண்ட் வரல, சவுண்ட் வரல" என்று யாரோ சொன்னார்கள். முன்னால் இருந்தவர்கள் யாரும் திரும்பவில்லை. அத்தனை பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கை மைக்கை வாங்கி, அப்பாவின் கையைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னாள். முதலில் வாழ்த்து. பிறகு இது:

"மாப்பிள்ளை, என் பொண்ணுக்குக் கோவம் வந்தா கண்ணை மூடிக்குவா. அப்புறம் நீங்க என்ன பேசினாலும் அவளுக்குப் போகாது. அது எங்கிட்ட இருந்து வந்த பழக்கம், அவ அம்மாவைக் கேளுங்க. அந்த நேரத்துல பிடிச்சு உலுக்காதீங்க. லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்காதீங்க. தோள்ல ஒரே ஒரு தட்டு தட்டிட்டு எதிர்ல உக்காந்திருங்க. கொஞ்சம் நேரம் ஆகும். ஆனா திறப்பா."

கேட்கிற எங்களுக்கு அது ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. நாம் கோபம் வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறோம். அவர்களுக்குக் கண்தான் கதவு. முன்வரிசையில் பெண்ணின் அம்மா சிரித்துக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டார். அவர்கள் வழக்கப்படி நண்பர்கள் எல்லோரும் இரண்டு கைகளையும் மேலே தூக்கி ஆட்டினார்கள். அதுதான் அவர்களுக்குக் கைதட்டல்.

நான் மேடைப் பக்கம் கேமராவைத் திருப்பினேன். பெண் வெட்கத்திலோ அழுகையிலோ, எதுவென்று சொல்லத் தெரியவில்லை, அத்தனை பேர் முன்னால் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்தான். தோளில் ஒரு தட்டு தட்டினான். கையை எடுத்துக்கொண்டான். அவள் எதிரில் வந்து, மேடையில் போட்டிருந்த ராஜா ராணி நாற்காலியை விட்டுவிட்டு, கீழே படிமேல் உட்கார்ந்தான். அங்கிருந்து அவளைப் பார்த்தபடி காத்திருந்தான். வரிசையில் பரிசுப் பொட்டலத்தோடு நின்றவர்களும் காத்திருந்தார்கள். அவள் கண்ணைத் திறந்தாள். அவனைத் தேடினாள். கீழே பார்த்தாள். அவள் கைகள் வேகமாக அவனிடம் ஏதோ சொல்லின.

என்ன சொன்னாள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. வீடியோவில் ஒவ்வொரு விரலும் தெளிவாக இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்வார்கள். இப்போதும் சீசனில் கால் வீங்குகிறது, "இது போதும்" என்று விட்டுவிடத்தான் தோன்றுகிறது. ஆனால் என் சோம்பல் இன்னொருவர் வாயைப் பொத்திவிடும் என்று அன்று கண்ணால் பார்த்துவிட்டதால், எதிரில் இருப்பவர் எதைக்கொண்டு பேசுகிறார் என்று தெரிந்துகொள்ளாமல் கேமராவை ஓடவிட எனக்கு இன்றுவரை மனம் வருவதில்லை.